வழி கேட்காத அண்ணாச்சி

எங்கள் அண்ணாச்சி ஒருமுறை வாசுதேவநல்லூரில் யாரென்றே தெரியாத ஒருவரின் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, பாயாசத்தை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டு, மேடையேறி மொய்க்கவரைக் கொடுத்து, போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்தார். அவரை அழைத்திருந்தது பக்கத்து ஹால்காரர்கள். ஒரே காம்பவுண்டுக்குள் பெரிய ஹால், சின்ன ஹால் என்று இரண்டு இருந்திருக்கின்றன. வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்ற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சோலி முடிந்தது. கேட்க மாட்டார். கூட்டம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் போனார். மேடையில் ஏறிய பிறகுதான் மாப்பிள்ளை வேறு ஆள் என்று தெரிந்திருக்கிறது. பின்னால் வரிசை நெருக்குகிறது, போட்டோ எடுப்பவர் சிரிக்கச் சொல்கிறார். இவரும் சிரித்துவிட்டார்.

"எறங்கி வந்திருக்கலாம்லா அண்ணாச்சி?" என்று மறுநாள் கடையில் கேட்டேன்.

"மொகத்தப் பாத்துட்டு எறங்கிப் போனா அந்தப் பிள்ளைக என்னட்டி நெனைக்கும்? நல்ல நாளும் அதுவுமா," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

அவர் பெயர் வேண்டாம். சங்கரன்கோவில் பஜாரில் பாதிப் பேருக்கு அவர் அண்ணாச்சிதான், எனக்கும் அப்படியே இருக்கட்டும். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் டிசைன் வேலை பார்த்தோம். ஜன்னலோரக் கம்ப்யூட்டர் அவருக்கு, பாத்ரூம் கதவை ஒட்டின கம்ப்யூட்டர் எனக்கு. நான் இப்போது ராஜபாளையத்தில் வேறு பிரஸ்ஸில் இருக்கிறேன். இங்கே பக்கத்து சீட்டில் இருக்கிற பையன் ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்கிறான். மவுஸ் எங்கே என்று கூடக் கேட்கிறான், கையில் பிடித்துக்கொண்டே! அப்போதெல்லாம் அண்ணாச்சி ஞாபகம் வந்துவிடும்.

பத்திரிகை வேலையில் கேட்காமல் ஒன்றும் நடக்காது. மாப்பிள்ளையின் தாத்தா இருக்கிறாரா, தாய்மாமன் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடவா, பெரியப்பா குடும்பத்தோடு பேச்சுவார்த்தை உண்டா, எல்லாம் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். நான் வாய் வலிக்கக் கேட்பேன். அண்ணாச்சி பார்ப்பார். வந்தவர்களின் முகத்தையும் நெற்றியையும் செருப்பையும் பார்த்துவிட்டு, அவரே ஒரு முடிவுக்கு வந்து அடித்துவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருந்து தொலையும். அதனால்தான் அவரைத் திருத்தவே முடியவில்லை.

ஒரு பங்குனி வெயிலில் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஓர் அம்மா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தாள். பஸ் நெரிசலில் வந்த வேர்வையில் நெற்றிப் பொட்டு அழிந்து போயிருந்தது. புருஷன் பெயரைச் சொல்லும்போது நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அண்ணாச்சிக்கு அது போதும். பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டுவிட்டார்.

மறுநாள் புரூப் பார்க்கக் காலில் வயல் சேறு காயாமல் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது சாட்சாத் அந்தத் தெய்வத்திருவேதான். எழுத்துக் கூட்டி வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"நான் எப்ப வே செத்தேன்?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க பேரச் சொல்லும்போது அந்த அம்மா பெருமூச்சு விட்டாவ," என்றார்.

"அவ கல்யாணம் ஆன நாள்லருந்து விட்டுக்கிட்டுத்தாம்வே இருக்கா!"

கடையே சிரித்தது. அந்த மனிதரும் கடைசியில் சிரித்துவிட்டார். முதலாளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இனிமேலாவது கேளுங்கள் என்று அண்ணாச்சிக்கு அரை மணி நேரம் புத்தி சொன்னார். அண்ணாச்சி கேட்டுக்கொள்வது போலத் தலையாட்டினார்.

வீட்டில் கேட்கிற இலாகா முழுவதும் அவர் மனைவியிடம், அதாவது எங்கள் மதினியிடம், இருந்தது. அண்ணாச்சிக்கு நெஞ்சுக்குள் எரிந்தால் டாக்டரிடம் மதினிதான் கேட்பாள், எரிகிறவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒற்றை மகள். அவள் படித்து முடித்து மெட்ராசில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று வந்து நின்றபோது, எந்தக் கம்பெனி, எங்கே தங்குவாய், கூட யார் என்று மதினி போலீஸ் ஸ்டேஷனே நடத்தினாள். சொந்தக்காரர்கள் எல்லாம் பெண்பிள்ளையை அத்தனை தூரம் விடாதே என்றார்கள். அண்ணாச்சி யாரிடமும் ஒன்றும் பேசாமல் போய் ஒரு சூட்கேஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

அடுத்த வருடமே மஞ்சள் காமாலை வந்து மதினி திடுதிப்பென்று போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டில் கேட்பதற்கு அதன் பிறகு ஆளே இல்லை.

அண்ணாச்சியிடம் இருந்தது பட்டன் போன். மகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் கடைக் கம்ப்யூட்டரில்தான் வீடியோ கால். அவள் திரையில் வந்து, "அப்பா சாப்ட்டியளா? மாத்திரை போட்டியளா? அந்தச் சட்டைய இன்னும் தூரப் போடலியா?" என்று வரிசையாகக் கேட்பாள். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவார். ரொம்ப உற்சாகமாக இருந்தால் "ம்" என்பார். பக்கத்து சீட்டில் இருந்த பாவத்துக்கு எல்லாவற்றையும் நானும் கேட்டாக வேண்டும். நீ சாப்பிட்டாயா என்று ஒரு நாளாவது அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கேட்பாரா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

இப்படி இருக்கையில்தான் அந்த அப்டேட் வந்தது.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்து, ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிற நேரம். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், நேற்று இருந்தது எதுவும் நேற்று இருந்த இடத்தில் இல்லை. இடது மூலையில் கிடந்த பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. செட்டிங்ஸ் வேறு ஏதோ அவதாரம் எடுத்திருக்கிறது. பிரிண்டரைக் காணோம்.

"எம்மா, என்னத்த அமுக்குன?" என்று முதலாளி என் மேல் பாய்ந்தார்.

"நான் ஒரு எழவையும் அமுக்கல. அதுவா ராத்திரி மாறிட்டு!"

"அதுவா எப்படி மாறும்? ஒங்க வீட்டு பீரோ அதுவா மாறுமா?"

பஜார் முழுக்க அன்றைக்கு இதே கூத்துதான். ஜெராக்ஸ் கடைக்காரர் வைரஸ் வந்துவிட்டது என்று மெயினையே அணைத்துவிட்டு, சூடம் காட்டலாமா என்கிற யோசனையில் வெளியே நின்றார். ஸ்டுடியோக்காரருக்கு மட்டும் பிடித்திருந்தது. மூலையெல்லாம் வளைத்து அம்சமாக இருக்கிறது என்று சொல்லி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் என் பங்குக்கு, இதை வரைந்தவன் வீட்டு அடுப்படிக்குள் போய் உப்பு டப்பாவையும் மிளகாய்ப்பொடி டப்பாவையும் மாற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்றேன். இன்றைக்கும் அந்த ஆசை எனக்கு உண்டு.

பழைய கன்ட்ரோல் பேனலில் பிரிண்டர் படம் போட்டிருக்கும், அமுக்கினால் பிரிண்டர் வரும். இதில் ஒரே வெள்ளை வெளி. இடது பக்கம் ஒரு வரிசை. வலது பக்கம் பட்டை பட்டையாக ஏதேதோ, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் அம்பு. அம்பை அமுக்கினால் உள்ளே இன்னொரு பக்கம், அங்கேயும் அம்பு. இப்படியே போய்ப் போய்க் கடைசியில் பார்த்தால், பழைய கன்ட்ரோல் பேனலின் ஜன்னலே பழைய மூஞ்சியோடு வந்து நிற்கிறது! புது வீட்டுக்குப் பால் காய்ச்சிவிட்டு, சமையலைப் பழைய வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.

ஊரே சத்தம் போட்டபோது அண்ணாச்சி மட்டும் போடவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பட்டையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு அம்பாக அமுக்கி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து அடுத்த அம்பு.

"அண்ணாச்சி, மேல தேடுத பெட்டி ஒண்ணு இருக்குலா. பிரிண்டர்னு அடிங்க, அதுவே கூட்டிட்டுப் போயிரும்."

"அதுகிட்ட எதுக்குட்டி கேக்கணும்? இங்கனதான் எங்கனயாவது கெடக்கும்."

"அது என்ன மனுசனா அண்ணாச்சி, வெக்கப்படுததுக்கு? வெறும் பெட்டிதான?"

"போயும் போயும் பெட்டிகிட்டப் போயி கேக்கச் சொல்லுத பாத்தியா."

ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் 'உதவி வேண்டுமா' என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு முகம் சிவந்தது. "நான் கேட்டனா? இவன்ட்ட நான் வந்து கேட்டனா?" என்று முனகினார். சில இடங்களில் அந்த செட்டிங்ஸ், இதற்கு அனுமதி தரலாமா, அதைப் பார்க்க விடலாமா என்று அவரையே கேட்டது. அது அவருக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்ட பட்டனையெல்லாம் அணைத்துக்கொண்டே போனார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிரிண்டரைக் கண்டுபிடித்துவிட்டார். முதலாளி நிம்மதியாக மூச்சு விட்டார். நான் அன்று முழுக்க ஒரு பத்திரிகை கூட அடிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்காததில் எனக்கும் நிம்மதி.

அந்த வாரத்தில்தான் அவர் மகள் என் செல்லுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, வேலை போயிட்டு. ஆளக் கொறைக்கோம்னு சொல்லிட்டாவ. ரெண்டு மாசம் ஆகப் போவுது. அப்பாட்டச் சொல்லிராதிய."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயே சொல்லேன்ட்டி. பெத்த அப்பன்தான?"

"நானா வந்து நின்னா, அன்னைக்கே சொன்னோம்லா விடாதன்னு, அப்படின்னு சொந்தக்காரவிய அப்பாவத்தான ஏசுவாவ. அவிய மொகத்தப் பாத்தா எனக்கு வாயே வர மாட்டேங்குக்கா. என்னம்மா ஆச்சுன்னு ஒரு வார்த்த அவியளே கேட்டா கடகடன்னு எல்லாத்தையும் சொல்லிருவேன். கேக்கவே மாட்டேங்காவளே."

ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றாள். டெல்லியில் இருக்கிற தோழி ஒருத்தி, இங்கே வா, ஏதாவது கிடைக்கும் என்கிறாளாம். சரியாகத் தெரியாத தோழி, மொழி தெரியாத ஊர். போகப் பயமாக இருக்கிறது, போகாமல் எங்கே இருப்பது என்று அழுதாள். வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் அம்மா மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அண்ணாச்சி கண்ணில்லாத ஆளா? ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிற பிள்ளை பட்டப்பகலில் கூப்பிட்டால் அவருக்குத் தெரியாதா? கால் முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"பிள்ள மெலிஞ்சிட்டு," என்றார் ஒருநாள், என்னிடம் இல்லை, மானிட்டரிடம்.

"கேளுங்களேன் அண்ணாச்சி, ஏன் மெலிஞ்சன்னு."

"சொல்லணும்னா அதுவே சொல்லும்ட்டி. நாம பாட்டுக்குக் கேட்டு, அது நம்மட்டப் பொய் சொல்லும்படி ஆயிட்டுன்னா? அது பெரிய கஷ்டம்லா பிள்ளைக்கு."

என்ன சொல்வது இந்த மனுஷனை! கேட்காததற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுகையும் வந்தது, அவர் தலையில் கீபோர்டைத் தூக்கிப் போடலாமா என்றும் வந்தது. எத்தனையோ வீட்டுச் சங்கதிகளைக் கேட்காமலே கண்டுபிடித்தவர், பெற்ற பிள்ளை எதற்குக் காத்திருக்கிறது என்பதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கூப்பிட்டாள். பின்னால் கட்டிலில் மெத்தை சுருட்டியிருந்தது, சூட்கேஸ் நிமிர்ந்து நின்றது. முகத்தில் பவுடரை அப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னைக்கு ராத்திரி டெல்லிக்குப் போறேன். ஆபீஸ் விசயமா. வர நாளாகும். அங்க போயிட்டா அடிக்கடி கூப்பிட முடியுமோ என்னமோ."

அண்ணாச்சி தலையாட்டினார்.

"ஒடம்பப் பாத்துக்கோங்க. மாத்திரைய மறந்துராதிய."

தலையாட்டினார். எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வேண்டியிருந்தது. மதினி மேல் செய்த சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று நான் வாயைத் திறக்கப் போனேன்.

"அப்ப வச்சிரட்டாப்பா?" என்றாள் அவள். சிரிப்பு அப்படியே இருந்தது, உதடு மட்டும் நடுங்கியது.

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்தார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

என் கையிலிருந்த மவுஸ் கீழே விழுந்தது. கேட்டேவிட்டார்! ஆனால் திரையில் அவள் முழித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, என்னமோ சொல்லுதிய, வாய் அசையுது. சத்தம் வரலியே."

"என்ன ஆச்சுன்னு கேட்டேன்!" என்று கத்தினார். சந்தில் போன சைக்கிள்காரர் பிரேக் பிடித்து எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து முதலாளி ஓடிவந்தார்.

"ஒண்ணும் வரலப்பா. மைக் ஓடலன்னு நெனைக்கேன். சரி, விடுங்க. போயிட்டுக் கூப்பிடுதேன்."

அப்டேட் வந்த நாளிலிருந்தே அந்த மைக் ஓடவில்லை. இத்தனை நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிவதற்கு அந்த மகராசன் வாயைத் திறந்தால்தானே?

நான் என் செல்லை நீட்டினேன். "இதுல பேசுங்க அண்ணாச்சி, வெரசா."

தள்ளிவிட்டார். "மொகத்தப் பாத்துக் கேக்கணும்ட்டி." திரைக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார், இரு என்று. பிறகு என் பக்கம் திரும்பினார். அத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"ஏட்டி, இது எங்கன இருக்கு?"

என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்கோ பதில் தெரியாது! "என்ன எழவு தெரியும் எனக்கு? அதான் எல்லாத்தையும் மாத்தித் தொலைச்சிருக்கானே!" என்று அழ ஆரம்பித்துவிட்டேன். முதலாளி கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார், அந்தப் பயல் எடுக்கவில்லை. திரையில் அந்தப் பிள்ளை, நாங்கள் மூன்று பேரும் இங்கே முட்டி மோதுவதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பவுடர் மேல் கண்ணீர் கோடு போட ஆரம்பித்திருந்தது.

அண்ணாச்சி செட்டிங்ஸைத் திறந்தார். மேலே அந்தத் தேடுகிற பெட்டிக்குப் போனார். ஒற்றை விரலால், மைக் என்று அடித்தார்.

அது உடனே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது. எந்த ஆப்பும் மைக்கைத் தொடக் கூடாது என்று அங்கே ஒரு பட்டன் அணைந்து கிடந்தது.

"எந்தக் கூறுகெட்ட மூதி இத அணைச்சது?" என்றார் முதலாளி. நான் சுவரைப் பார்த்தேன். அண்ணாச்சி பட்டனைத் தள்ளினார்.

"மக்கா, என்ன ஆச்சு? ஏன் மெலிஞ்சு போயிட்ட? சாப்பிட்டியா? எதுக்கு மெத்தையச் சுருட்டிருக்க? டெல்லில யாரு இருக்கா? வேலை இருக்கா, போயிட்டா? இத்தன நாளா ஒத்தையிலயா இருந்த?"

மூச்சு விடாமல் கேட்டார். மதினி போன பிறகு கேட்க வேண்டியிருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் கேட்டார். அவள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே வேலை போனது, ஹாஸ்டல், டெல்லித் தோழி என்று எல்லாவற்றையும் கொட்டினாள். முதலாளி மெதுவாக வெளியே போய் நின்றுகொண்டார். நான் போகவில்லை, எனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

எல்லாம் சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளைக் குரலில் அவள் கேட்டாள். "அப்பா, நான் வீட்டுக்கு வந்துரட்டாப்பா?"

அண்ணாச்சிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, சொந்த வீட்டுக்கு வாரதுக்கு யாராவது கேப்பாவளா?"